மூன்றாவது வளைவில் தளர்ந்த கால்

அத்தியாயம் பதினான்கு

நடுவில் வந்து அமர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. முதல் வாரத்திலிருந்து உடன் வருகிறவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா தொடங்கிய கார்ப் பட்டறை அது. ஆண்டுக்குப் பதினைந்து வண்டிகளுக்கு மேல் செய்யமாட்டார்கள். ஒவ்வொன்றும் தரையோடு தரையாய்த் தாழ்ந்து, அம்பாய்க் கூர்ந்து, கண் இமைப்பதற்குள் கண்ணை விட்டு மறைகிற பந்தய இனம். அப்பா போனபின் மகன் முதலாளி ஆனார். மகள் சோதனை ஓட்டுநர் ஆனாள். பட்டறையின் நாற்பது பேரும் அவளைத் ‘தங்கச்சி’ என்றே அழைப்பார்கள். அவளைவிடப் பத்து வயது இளையவனும் தங்கச்சி என்பான்.

அவள் கணவனும் அங்கே ஓட்டுநர்தான். ‘ராக்கெட்’ என்று பெயர் வாங்கியவன். நான்கு ஆண்டுகளுக்கு முன், பட்டறையின் பின்னாலிருக்கும் ஓடுதளத்தில், மூன்றாவது வளைவில், அவன் ஓட்டிய வண்டி நேரே போய்ச் சுவரில் மோதி எரிந்தது. உயிரை மீட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதையும் மீட்க முடியவில்லை. இப்போது அவன் சக்கர நாற்காலியில், கண்ணாடி அறைக்குள், மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளின் பதிவுக் கோடுகளைப் படிக்கிறான். அவனிடம் மிச்சமாய் ஓடிக்கொண்டிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

“தலைக்கனம். பிரேக்கை நேரத்தோட அழுத்தல” என்றார் முதலாளி. பட்டறை நம்பியது. உறவு நம்பியது. நாள் ஆக ஆக, ராக்கெட்டும் நம்பினான்.

நம்பாதவர்கள் இருவர். ஒருவர் அதைச் சொன்ன முதலாளி. இன்னொருத்தி தங்கச்சி.

பட்டறைக் கதவருகே ஒரு கரும்பலகை உண்டு. அப்பா வைத்த சட்டம். வண்டியை ஓட்டிவிட்டு இறங்குகிறவர், அதில் கண்ட குறையைக் கையுறை கழற்றுமுன் சாக்கட்டியால் எழுதவேண்டும். எழுதிய வரியை மெக்கானிக் தன் கையால் அழிக்கும்வரை வேறு எவரும் அதில் ஏறக்கூடாது. ஏறப் போகிறவர் பலகையைப் படித்துவிட்டே ஏறவேண்டும்.

விபத்து நடந்த அன்று காலை பத்து மணிக்கு அதே வண்டியை முதலில் ஓட்டியவள் தங்கச்சி. மூன்றாவது வளைவுக்கு முன் பிரேக் பெடல் இரண்டு விரற்கடை கூடுதலாய் உள்ளே இறங்கியது. அடுத்த சுற்றில் அவள் அந்த இடத்துக்கு வெகுமுன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தி, தப்பித்து வந்தாள். பலகையின் முன் நின்று சாக்கட்டியை எடுத்தாள். அண்ணன் அதை அவள் விரலிலிருந்து உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பெரிய பார்ட்டி வந்து உக்காந்திருக்கு. அவங்க கண்ணுல இது பட்டா வண்டி போச்சு. ஒரே ஒரு சுத்துதானே? மத்தியானம் பாத்துக்கலாம். நீ உள்ள போ.”

அவள் உள்ளே போனாள். பதினொரு மணிக்கு ராக்கெட் வந்தான், வெறும் பலகையைப் படித்தான், ஏறினான்.

வாயை மூடிக்கொள் என்று ஒரு பெண்ணுக்குக் கற்பிக்கத் தனியே பள்ளிக்கூடம் வேண்டுமா, தோழர்களே? வீடு போதும். அண்ணன் போதும். ஒரு சாக்கட்டி போதும்.

சென்ற வாரம் முதலாளி தம் புதிய வண்டியின் திரையை விலக்கியதோடு நிறுத்தினோம். மின்சாரத்தில் ஓடும் வண்டி. இருக்கை இரண்டு. ஸ்டியரிங் கிடையாது, பெடல் கிடையாது, ஓட்டுநர் கிடையாது. தங்கச்சி ஆறு ஆண்டுகளாக ஓட்டிய சுற்றுகள் அத்தனையையும் ஊட்டி, ஓட்டக் கற்றுக்கொடுத்த இயந்திரம் அது. வருங்காலம் என்றார் முதலாளி. அந்த வருங்காலத்தை இன்று காலை ஒன்பது மணிக்கு ஒருவர் வாங்க வந்தார்.

* * *

வந்தவரின் கைகளைத்தான் முதலில் எல்லோரும் பார்த்தார்கள். பிடிக்க எதுவுமே இல்லாத வண்டியில் ஏறுவதற்கு, பந்தய ஓட்டுநர்கள் அணியும் தோல் கையுறை அணிந்து வந்திருந்தார்.

“இவரு கையுறை எதுக்குப் போட்டிருக்காரு?” என்று தங்கச்சியின் காதோரம் கேட்டான் ஒரு மெக்கானிக்.

“கை தட்டறதுக்கு” என்றாள் அவள்.

கையுறைக்காரர் ஏறி அமர்ந்தார். கதவு மூடியது. வண்டி உறுமியது. எஞ்சினே இல்லாத வண்டிக்கு உறுமல் ஏது? அடியில் பொருத்திய ஒலிபெருக்கியின் உபயம். சிங்கம் செத்துவிட்டது, கர்ஜனை மட்டும் பதிவில் இருக்கிறது. துணிவில்லாதவனுக்கும் துணிவின் ருசி வேண்டும். வியர்க்காமல் வீரம் வேண்டும். விழுந்தால் வலிக்காமல் வேகம் வேண்டும். இருக்கிறவன் கேட்கிறான். செய்கிறவன் செய்து கொடுக்கிறான். எவனோ விழுந்து எழுந்து கற்ற வித்தையை எவனோ மடியில் கை வைத்துக்கொண்டு அனுபவிக்கிறான்.

வண்டி கிளம்பியது. தங்கச்சிக்கு மயிர்க்கூச்செறிந்தது. முதல் வளைவில் அது உள்விளிம்பைத் தொட்ட விதம் அவளுடையது. இரண்டாவதில் வாலைச் சற்றே வழுக்கவிட்டு நிமிர்த்திய குறும்பும் அவளுடையதே. தன் நடையைத் தன் குழந்தையிடம் பார்க்கும் தாயைப் போல் நின்றாள்.

மூன்றாவது வளைவுக்கு நூறு அடி இருக்கும்போது வண்டி சட்டெனத் தளர்ந்தது.

காரணம் இல்லை. தடை இல்லை. அரை விநாடிதான். பின் மீண்டும் பாய்ந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே தளர்ச்சி. அதற்கடுத்த சுற்றிலும் அப்படியே.

தங்கச்சி குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். இந்த நான்கு ஆண்டுகளில் தன் கால் அங்கே தளர்வதை அவள் அறிந்ததே இல்லை. மனம் மறைத்ததைக் கால் மறைக்கவில்லை. கால் சொன்னதை இயந்திரம் மறக்கவில்லை.

கையுறைக்காரர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

“வண்டி பிரமாதம்ங்க. ஆனா அந்த மூணாவது திருப்பத்துல மட்டும், மாமியார் வீட்டு வாசலைத் தாண்டற மருமகன் மாதிரி பம்முதே! என்ன விஷயம்?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் கழுத்துக்குமேல் மட்டும் இருந்தது.

“சின்ன அட்ஜஸ்ட்மென்ட் சார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி ஏறிப் பாருங்க.”

“அஞ்சு மணிக்கும் பம்மினா நான் வேற இடம் பாத்துக்குவேன். பயப்படறதுக்கு எனக்கு வண்டி எதுக்கு? அத நானே பண்ணுவேன்.”

* * *

கண்ணாடி அறையில் மூவர். திரையில் தங்கச்சியின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகளாய்க் கிடந்தன. எல்லாக் கோடுகளும் ஓரிடத்தில் ஒன்றுபோலக் குழிந்திருந்தன. பலர் நடந்து நடந்து தேய்ந்த படிக்கட்டைப் போல.

“வண்டி மேல தப்பில்ல மச்சான்” என்றான் ராக்கெட். “வாத்தியார் மேல தப்பு.”

நாற்காலியைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நான்கு ஆண்டுக் கசப்பு இருந்தது.

“எத்தனை நாளாடி இது?”

“எனக்கே தெரியாதுங்க. இப்பதான் பாக்கறேன்.”

“நான் விழுந்த இடம் வந்தா அம்மாவுக்குக் கால் கூசுதோ? தினமும் அங்க எனக்கு ஒரு ஒப்பாரி வெச்சுட்டுப் போறியா? நான் இன்னும் சாகலடி. சாப்பாடு நீதான் போடற. மறந்துட்டியா?”

“அப்படி இல்லங்க...”

“பரிதாபம்! வீட்டுல குடுக்கறது பத்தலன்னு வண்டிக்கும் கத்துக்குடுத்திருக்க. நாளைக்கு அது என்னைப் பாத்தா எழுந்து நிக்கும்.”

அவள் மறுக்கவில்லை. பரிதாபம் என்று அவன் நினைத்தால் நினைக்கட்டும். பரிதாபத்துக்கு ஏச்சு கிடைக்கும். உண்மைக்கு என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்திய தலைக்கு மேலாக அண்ணனின் கண்கள் அவளைக் குத்திக்கொண்டிருந்தன.

“மாப்ள, இதுக்கு வழி சொல்லு” என்றார் முதலாளி.

“வழி ரெண்டு. இவ கால எடுக்காம சுத்தமா இருபது சுத்து ஓட்டிக் குடுத்தான்னா, புதுசு பழச மூடிரும். வண்டி திருந்திரும். இல்லன்னா பழைய பதிவெல்லாம் எடுத்து, எங்கெங்க கால் தளர்ந்திருக்கோ ஒவ்வொண்ணா பாத்து அழிக்கணும்.”

“இருபது சுத்து!” முதலாளி அவசரமாகச் சொன்னார். “அதுவே போதும். பழசையெல்லாம் எதுக்குத் தோண்டிக்கிட்டு? உனக்கும் கஷ்டம்.”

“எனக்கென்ன கஷ்டம்? உக்காந்துதானே இருக்கேன்” என்றான் ராக்கெட்.

வெளியே நடையில் அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“கேட்டியா? நீ கால எடுத்தா அவன் தோண்டுவான். தோண்டினா அந்தத் தேதி வரும்.”

“வரட்டுமே அண்ணா. எத்தனை நாளைக்கு...”

“வந்தா யாரு மாட்டுவா? பெடல் இறங்கினது உன் காலுக்குத் தெரிஞ்சது, எனக்கில்ல. எழுத வேண்டியது உன் கை, என் கை இல்ல. நான் ஒரு வார்த்த சொன்னேன். காத்துல போயிருச்சு. பதிவுல இருக்கறது உன் கால் ஒண்ணுதான்.” குரலைத் தணித்துக்கொண்டார். “நாலு வருஷமா அவனுக்குச் சோறு ஊட்டினவ, நாலு வருஷமா பொய்யும் சேத்து ஊட்டியிருக்கான்னு தெரிஞ்சா என்ன பண்ணுவான்? எனக்கு ஒரு மச்சான் போவான், அவ்வளவுதான். உனக்கு?”

அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். தங்கையைத் தட்டிக்கொடுத்தாரா, மாட்டைத் தட்டிக்கொடுத்தாரா, அதை வாசகர்களே தீர்மானியுங்கள்.

* * *

ஓட்டப்போவது புது வண்டியின் உடன்பிறப்பு. எல்லாம் அதே அச்சு. இதற்கு மட்டும் ஸ்டியரிங்கும் பெடலும் உண்டு. பன்னிரண்டு மணி வெயிலில் தங்கச்சி ஏறிப் பட்டையை மாட்டினாள். ஹெல்மெட்டுக்குள் கணவனின் குரல் வந்து குடிகொண்டது.

“ஒண்ணு. போ.”

முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நோக்கிய நேர்சாலையில் அவள் வலது காலைத் தரையோடு அழுத்தி, பல்லைக் கடித்தாள். சுவரில் இன்னும் கருப்பு இருக்கிறது. நான்கு முறை வெள்ளை அடித்தார்கள். அந்தக் கருப்பு நான்கு முறையும் மேலே ஏறி வந்தது.

“எடுத்துட்ட” என்றது குரல். “மறுபடி.”

“எடுக்கலங்க!”

“உன்கிட்ட கேட்டனா? கோடு சொல்லுது. மறுபடி.”

இரண்டாவது சுற்று போனது. “எடுத்துட்ட.” மூன்றாவதும் போனது. “எடுத்துட்ட. உன் கால் உன் பேச்சைக் கேக்காதா? பரவாயில்ல, நம்ம வீட்டுல அது ஒண்ணும் புதுசு இல்ல.” கண்ணாடி அறையில் யாரோ சிரித்தது அவள் காதில் விழுந்தது. அண்ணனின் சிரிப்பு.

ஆறாவது சுற்றில் குரல் மாறியது. களைத்து, கிட்டத்தட்டக் கனிந்து வந்தது.

“இங்க பாரு. அன்னிக்கு நடந்தது என் தலைக்கனம். நான்தான் லேட்டா பிரேக் அடிச்சேன். என் தப்பு, நான் அனுபவிக்கிறேன். நீ எதுக்கு நடுவுல சுமக்கற? விட்டுரு.”

அந்தச் சுற்றில் அவள் கால் முழுவதுமாகத் தூக்கிக்கொண்டது. வண்டி வளைவுக்குள் மாட்டுவண்டி போல நுழைந்தது.

“என்னடி இது! நல்லதா நாலு வார்த்த சொன்னா இன்னும் மோசமா ஓட்டற?”

ஏச்சைத் தாங்கிய கால் அன்பைத் தாங்கவில்லை. எப்படித் தாங்கும்? அவன் செய்யாத குற்றத்துக்கு அவனே தண்டனை எழுதி, அவனே அனுபவித்துக்கொண்டிருக்கிறான். குற்றம் செய்தவர்களோ பக்கத்தில் நின்று அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறார்கள். நீதிமன்றங்கள் பிழை செய்வதுண்டு. அங்கே மேல்முறையீடு உண்டு. குடும்பத்துக்குள் வழங்கிய தீர்ப்புக்கு மேல்முறையீடு எங்கே இருக்கிறது?

ஏழாவது சுற்றும் வீண். மணி ஒன்றைத் தாண்டியது. டயர் மாற்றினார்கள்.

எட்டாவதில் ராக்கெட் பொறுமையை இழந்தான்.

“உண்மையச் சொல்லு. கால் ஊனம் எனக்கா, உனக்கா? எனக்கு அந்த ரெண்டு காலும் இருந்திருந்தா, இந்நேரம் அம்பது சுத்து முடிச்சிட்டு வீட்டுல தூங்கிட்டிருப்பேன். கடவுள் காலக் குடுத்தவளுக்கு ஓட்டத் தெரியல. ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கால் இல்ல.”

அவளுக்குள் ஏதோ இறுகி உறைந்தது. அந்த நிமிடம் அவனை வெறுத்தாள். வெறுக்க முடிந்ததே விடுதலையாய் இருந்தது. நேர்சாலையில் கால் இறங்கியது, இறங்கியது, இரும்பாய் நின்றது. கருஞ்சுவர் பாய்ந்து வந்து விலகியது.

“சுத்தம்” என்றது குரல். “இதத்தான் கேட்டேன். இதுக்கு உன்னத் திட்டணும்னா நாள் பூரா திட்டறேன்.”

சொன்னபடியே செய்தான். அவன் திட்டினான், அவள் ஓட்டினாள். ஒன்பது. பத்து. பதினைந்து. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சுத்தம். ஒவ்வொரு வசவும் முந்தியதைவிட அழுக்கு. பதினெட்டாவது சுற்றின் முடிவில் வண்டியின் பாட்டரி கையை விரித்தது. மீண்டும் ஏற்ற இரண்டு மணி நேரம் ஆகும். மணி மூன்று.

தங்கச்சி ஹெல்மெட்டைக் கழற்றாமலே எண்ணினாள். சுத்தமானவை பதினொன்று. வேண்டியது இருபது.

“பத்தாது” என்றது காதுக்குள் குரல், அலுப்போடு. “மீதிய நான் பாத்துக்கறேன். பழசைத் திறக்கறேன்.”

“வேணாங்க! பாட்டரி ஏறினதும் மிச்சத்தையும் ஓட்டிடறேன். இன்னும் ஒம்பதுதானே?”

“பாட்டரி ஏறவே அஞ்சு ஆயிரும். நீ மொத ஏழு சுத்தை வீணாக்காம இருந்திருந்தா நான் எதுக்குத் தோண்டப் போறேன்? போய்த் தண்ணி குடி.”

* * *

ஐந்து மணி. கையுறைக்காரர் அதே கையுறையோடு வந்தார். கூட இரண்டு நண்பர்கள், படம் பிடிக்க.

வண்டி கிளம்பியது. முதலாளி மூச்சுவிடவில்லை. தங்கச்சி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள். வெயில் எதிரொளித்து உள்ளே எதுவும் தெரியவில்லை. இரண்டு மணி நேரமாக அந்தக் கதவு திறக்கவே இல்லை.

மூன்றாவது வளைவு. வண்டி தளரவில்லை, தயங்கவில்லை. சாலையில் கத்தி வைத்துக் கீறியதுபோல் ஒரே கோட்டில் போய்த் திரும்பியது. பட்டறை ஆர்ப்பரித்தது. அவள் மட்டும் கை தட்டவில்லை. இத்தனை வேகத்தில் அந்த வளைவுக்குள் போகும் உயிர் எதற்கும் உள்ளே ஏதேனும் ஒன்று சுருங்கும். இதற்குள் சுருங்க ஒன்றுமில்லை. அந்த ஒன்றைத்தான் பகல் முழுக்க வெட்டி எடுத்திருந்தார்கள்.

கையுறைக்காரர் இறங்கி, உண்மையிலேயே கை தட்டினார்.

“இப்ப வண்டி ஆம்பள மாதிரி இருக்கு!”

“ஓட்டக் கத்துக்குடுத்தது என் தங்கச்சிங்க” என்றார் முதலாளி.

“அப்படியா? பரவாயில்லையே” என்றார் அவர், அவளைப் பாராமலே. “இனிமே இவங்களுக்கு வேலை இல்ல போலிருக்கே. வீட்டுல நிம்மதியா இருக்கலாம்.”

முதலாளி மறுக்கவில்லை. இருவரும் தோளோடு தோள் சேர்ந்து அலுவலகத்துக்குள் போனார்கள். தன் பிழைப்பைத் தானே ஓட்டித் தீர்த்தவள் வெளியில் நின்றாள்.

* * *

கண்ணாடி அறைக்குள் விளக்கு போடவில்லை. திரையின் வெளிச்சம் மட்டும் ராக்கெட்டின் முகத்தில் நீலமாய் ஆடியது. அவள் உள்ளே வந்தும் அவன் திரும்பவில்லை.

“கதவச் சாத்து.”

சாத்தினாள்.

“நீ கால எடுத்த சுத்து எல்லாத்தையும் எடுத்தேன். தேதி வாரியா வரிசையா வெச்சேன். எந்த நாள்ல ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா, அதுக்கு அப்புறம் உள்ளத மட்டும் அழிச்சாப் போதும்ல? வேலை மிச்சம்.” அவன் குரலில் ஏச்சு இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அவள் அதற்கு ஏங்கினாள். “நான் விழுந்ததுக்கு மறுநாள் ஆரம்பிச்சிருக்கும்னு நெனச்சேன். பரிதாபம் பின்னாடிதானே வரும்?”

“என்னங்க...”

“எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஒண்ண மட்டும் வெச்சிருக்கேன். பாரு.”

திரையில் ஒற்றைக் கோடு. மூன்றாவது வளைவுக்கு முன் ஆழமாய் ஒரு குழி. மேலே தேதி. நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டில் எவரும் உச்சரிக்காத தேதி. அதன் பக்கத்தில் நேரம்: காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

“நான் ஏறினது பதினோரு மணி” என்றான் ராக்கெட்.

அவள் அந்த நேரத்தை இன்னொரு முறை படித்தாள்.

“அதுக்கு முந்தின சுத்தையும் பாத்தேன். பிரேக் பெடல் எவ்வளவு உள்ள போயிருக்கு தெரியுமா? உனக்குத் தெரியும். உன் கால்தானே.” விரலால் திரையை ஒருமுறை தட்டினான். “தலைக்கனம்னாங்க. சரின்னேன். லேட்டா அடிச்சேன்னாங்க. சரின்னேன். ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு, எங்க அடிச்சிருக்கணும், எங்க அடிச்சிருக்கணும்னு நாலு வருஷமா அந்த ரோட்டை மனசுல அளந்துக்கிட்டே இருந்தேன். நீ பக்கத்துல படுத்திருந்த.”

“நான் சொல்லணும்னு எத்தனையோ தடவை...”

“நான் பலகையைப் படிச்சேன்” என்றான் அவன். “படிக்காம ஏறினேன்னு ஒருத்தன் சொல்லட்டும். அதுல ஒண்ணுமே இல்ல.”

அவள் அவன் நாற்காலியின் அருகே மண்டியிட்டாள். முழங்காலைப் பற்றினாள். பற்றியது அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று உறைத்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு கேள்வி” என்றான் ராக்கெட். “நீயா எழுதலையா? இல்ல, யாராவது எழுத வேணாம்னாங்களா?”

கதவு படாரெனத் திறந்தது.

“மாப்ள!” முதலாளி விளக்கைப் போட்டார். முகமெல்லாம் வெற்றி. “அஞ்சு வண்டி! ஒண்ணு இல்ல, அஞ்சு! ஃப்ரெண்ட்ஸுக்கும் சேத்து எழுதிக் குடுத்துட்டாரு. ஏம்மா, தரைல உக்காந்து என்ன பண்ற? எழுந்திரு. எல்லாரும் அங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

உரிமையோடு நாற்காலியின் பின்னால் வந்து கைப்பிடிகளைப் பற்றினார். ராக்கெட்டின் விரல் ஒரு பொத்தானைத் தொட்டது. திரை இருண்டது.

“சந்தோஷம் மச்சான். எனக்கு ஒரு ஆசை.”

“கேளு! இன்னிக்கு என்ன கேட்டாலும் உண்டு.”

“நாளைக்குக் காலைல அந்த வண்டில நான் ஒரு சுத்து போகணும்.”

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். “தாராளமா! அதுக்குக் காலே வேணாமே! உன்ன மாதிரி ஆளுக்குன்னே செஞ்ச வண்டி மாதிரில்ல இருக்கு.”

“அதான் நானும் நெனச்சேன்.” ராக்கெட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தங்கச்சி நான்கு ஆண்டுகளாகப் பார்த்ததில்லை. பந்தயக் கோட்டில் விளக்கு மாறுமுன் சிரிக்கிற சிரிப்பு அது. “ஒரு தடவை திருந்திருச்சுன்னா இனிமே அந்த வளைவுல அது எதுக்கும் தயங்காது. எதச் சொல்லிக் குடுக்கறமோ அதச் செய்யும். சொல்லிக் குடுக்கறது நான்தானே?”

“நீதான் மாப்ள! நீதான்!”

“சீட்டு ரெண்டு இருக்கு.”

“ஆமா.”

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணுல யாரு உக்காரணும்னு இவ சொல்லட்டும். வாயால வேணாம். பேரைப் பலகைல எழுதட்டும். காலைல நான் படிச்சிட்டுத்தான் ஏறுவேன், எப்பவும் போல.” அவள் உள்ளே வந்தபின் முதன்முறையாக அவன் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தான். “இந்தத் தடவை வெறும் பலகையா இருக்கக் கூடாது. சாக்கட்டி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?”

அவள் அசையவில்லை. ஆனால் அவள் கண்கள், அவளைக் கேளாமலே, அண்ணனின் சட்டைப் பையின்மேல் போய் நின்றன.

அரை விநாடிதான். கோடு படித்துப் பழகியவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.